படியாத ஹீல்: பழைய சோலிங்கன் சவரக் கத்தி தீட்டிய குறிப்பு

ஒருவழியாக ஹீல், அதாவது அலகின் கைப்பிடிப் பக்கத்து முனை, தீட்டும் கல்லில் படிந்துவிட்டது. கத்தி 5/8 அங்குல சோலிங்கன், இரு பக்கமும் நன்றாகக் குழிவு வாங்கிய மெல்லிய அலகு. நுனியிலிருந்து கிட்டத்தட்ட முழு நீளமும் 1000 கல்லிலேயே (எண் கூடக் கூடக் கல் நைசாகும்) கை முடியை மழித்தது. ஹீல் பக்கம் கடைசி 8 மி.மீ. மட்டும் எவ்வளவு இழுத்தாலும் மொக்கையாகவே நின்றது. இந்தக் குறிப்பு அந்த 8 மி.மீ. பற்றித்தான். 5000-க்கு மேல் செய்கிற வேலை எல்லோருக்கும் கைவந்தது, அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் அளவுகள். விளிம்பிலிருந்து முதுகு வரை 15.6 மி.மீ., முதுகின் தடிமன் 4.4 மி.மீ. கணக்குப் போட்டால் பெவல் கோணம், அதாவது விளிம்பின் இரு பக்கச் சரிவுகளும் சேரும் கோணம், 16 டிகிரியும் கொஞ்சமும் வருகிறது. அருமையான கோணம், கை வைக்க அவசியமில்லை. முதுகில் 0.18 மி.மீ. கனமுள்ள இன்சுலேஷன் டேப் ஒரு அடுக்கு ஒட்டினால் அது 17.5 ஆகும். அதுவும் கெடுதல் இல்லை. ஆனால் டேப் ஒட்டித் தொடங்கினால் கடைசிக் கல் வரை டேப்போடுதான் போக வேண்டும். நடுவில் உரித்தால் பெவலின் பின்பகுதிதான் தேயும், விளிம்பு கல்லைத் தொடவே தொடாது. கல்லுக்குக் கல் புது டேப் மாற்றுவதும் அவசியம், தேய்ந்த டேப்பில் கோணம் நிற்காது. கல்லில் எது முட்டுகிறது என்று தெரிய வேண்டியிருந்ததால் இந்தக் கத்திக்கு டேப் போடவில்லை.

இதற்கு முன் அதை யாரோ எப்படித் தீட்டினார்கள் என்பதை முதுகே சொல்லிவிடுகிறது. தேய்மானப் பட்டை நுனிப் பக்கம் 1 மி.மீ. அகலம், ஹீல் பக்கம் 2.5 மி.மீ. ஹீல் வெட்டவில்லை என்று அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தியே தேய்த்திருக்கிறார்கள். பழைய கத்தி வாங்குகிறவர்கள் முத்திரையைப் பார்ப்பதற்கு முன் முதுகைப் பாருங்கள். சோலிங்கன் என்பது 1938 முதல் சட்டக் காப்புள்ள பெயர், முத்திரை உண்மையானால் எஃகைப் பற்றிக் கவலை இல்லை. கோணலாகத் தேய்ந்த முதுகை நேராக்குவதுதான் பெரும்பாடு.

பழுது எங்கே என்று பார்க்க மார்க்கர் மைதான் வழி. பெவலின் இரு பக்கமும் கறுப்பு மை பூசி, 12000 கல்லில் பாரமே கொடுக்காமல் பக்கத்துக்கு இரண்டு இழுப்பு. இதை முரட்டுக் கல்லில் செய்தால் சோதனையிலேயே எஃகு போய்விடும். மை இரு பக்கமும் ஒரே இடத்தில், ஹீலில் மட்டும், அழியாமல் நின்றது. ஒரு பக்கம் அழிந்து மறுபக்கம் நின்றிருந்தால் அலகு வளைந்திருக்கிறது என்று அர்த்தம், அதற்கு வைத்தியம் வேறு. இரு பக்கமும் நின்றால் குற்றவாளி ஸ்டெபிலைசர் என்ற தடிப்பு.

முதுகிலிருந்து ஹீலை நோக்கி இறங்கும் அந்தத் தடிப்பு, கத்தி புதிதாக இருக்கும்போது கல்லுக்கு எட்டாமல் ஒதுங்கி நிற்கும். தீட்டத் தீட்ட அலகின் அகலம் குறைந்து, ஒரு கட்டத்தில் தடிப்பு கல்லின் ஓரத்தில் ஏறிக்கொள்கிறது. அது ஏறியதும் ஹீல் தூக்கிக்கொள்ளும். தூக்கும் உயரம் ஒரு முடியிழை இருந்தால் அதிகம், ஆனால் விளிம்பு கல்லைத் தொடாமல் போக அது போதும். அந்த நேரத்தில் அழுத்தினால் மெல்லிய அலகு வளைந்துகொடுத்து, தடிப்புக்கு அடுத்துள்ள விளிம்பைத்தான் கல் தின்னும். ஹீல் தேயாமல் நிற்க, பக்கத்துப் பகுதி உள்வாங்க, கொக்கி மாதிரி ஒரு மூலை உருவாகும். கன்னத்தைக் கீறுவது அந்தக் கொக்கிதான். ஆகவே, ஹீல் வெட்டவில்லையா, அழுத்தாதீர்கள். அழுத்தவே அழுத்தாதீர்கள்.

முதலில் சுலபமான வழி. கத்தியை 45 டிகிரி சாய்த்து, ஹீலை முன்னே விட்டு, ஸ்டெபிலைசர் கல்லுக்கு வெளியே தொங்கும்படி இழுப்பது. இதற்கு 75 மி.மீ. அகலக் கல்லைவிட 40 மி.மீ. கல் நன்றாகக் கேட்கிறது. மை நின்ற நீளம் 8-லிருந்து 5 மி.மீ.க்கு இறங்கியது, அதற்குமேல் அசையவில்லை.

மிச்சமிருந்தது ஹீலின் வடிவத்தையே மாற்றுவது. ஒரு ரூபாய் நாணயத்தை ஹீல் மூலையில் வைத்து மார்க்கரால் வளைவு வரைந்து, 325 வைரத் தகட்டில் கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து, கோடு வரை தேய்த்து எடுத்தேன். கையால் அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். தகடு எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். சுழலும் மிஷினை உலர்வாக வைத்தால் சில நொடிகளில் மெல்லிய விளிம்பு வைக்கோல் நிறத்துக்கும் பிறகு நீலத்துக்கும் போகும், அந்த இடத்தின் பதம் போனது போனதுதான். 4 மி.மீ. எடுத்தபின் விளிம்பு ஸ்டெபிலைசருக்கு முன்பே முடிகிறது. புது மூலையை 600 தண்ணீர் உப்புத்தாளில் உருட்டி மழுக்கிவிட வேண்டும், இல்லையென்றால் பழைய கொக்கிக்குப் பதில் புதுக் கொக்கி.

பிறகு பழைய விளிம்பைக் கண்ணாடிப் பாட்டிலின் அடியில் ஒரே ஒரு முறை, மிக லேசாக இழுத்து மழுக்கிவிட்டு மீண்டும் 1000 கல். பழைய பிசிறு ஒட்டிக்கொண்டிருந்தால் அது கூர் போலவே ஏமாற்றும், அடுத்த கல்லில் உதிர்ந்துவிடும். சமையலறைத் தராசின்மேல் கல்லை வைத்துப் பார்த்ததில் அழுத்தம் 200 கிராமைத் தாண்டவில்லை. பக்கத்துக்கு 40 இழுப்பு, மை பூசிச் சோதனை, மறுபடி 20. இந்த முறை மை ஹீல் முதல் நுனி வரை ஒரே சீராகப் போனது. பழுத்த தக்காளியின் தோலில் ஹீலை வெறுமனே வைத்தேன், இழுக்கும்முன்பே கடித்தது.

மையைவிடத் துல்லியமாகக் காட்டுவது தண்ணீர். கல்லில் விளிம்பு முன்னே போகும்போது, பெவல் முழுதாகப் படிந்திருந்தால் தண்ணீர் விளிம்பின்மேல் ஏறி அலகில் மெல்லிய திரை மாதிரி வரும். படியாத இடத்தில் அந்தத் திரை அறுந்து, தண்ணீர் அடியில் நுழைந்துவிடும். முன்பு ஹீல் பக்கம் அரை விரலுக்கு எப்போதும் ஓர் இடைவெளி தெரிந்தது. 5000 கல்லில் இப்போது திரை அறாமல் வருகிறது. பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

கல் விலை கட்டுபடியாகாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஆப்டிகல் ஃபைபர் கனெக்டர் மெருகேற்றும் லேப்பிங் ஃபிலிம் 9, 3, 1 மைக்ரான் அளவுகளில் ஃபைபர் வேலைச் சாமான் விற்பவர்களிடம் கிடைக்கும். தடித்த கண்ணாடித் துண்டில் தண்ணீர் தெளித்து ஒட்டினால் போதும். ஃபிலிமுக்கு அடியில் ஒரு மணல் துகள் மாட்டினாலும் விளிம்பில் பல் விழும், துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

அடுத்த திட்டம் வார், கல்லுக்குப் பின் விளிம்பைச் சீராக்க இழுக்கும் பட்டை. இப்போதுள்ளது குரோம் பதனிட்ட தோல், இழுத்தால் நீள்கிறது. தொய்ந்த வாரில் விளிம்பு உருண்டுவிடும், கல்லில் பட்ட பாடெல்லாம் வீண். கடுக்காய், மரப்பட்டை கொண்டு பதனிடும் தோல் நம் ஊரில் தலைமுறைகளாக நடக்கும் தொழில். ஏற்றுமதிச் சந்தையில் அதற்கு ஈஸ்ட் இந்தியா தோல் என்றே பெயர். 7.5 செ.மீ. அகலம், 55 செ.மீ. நீளம், 3 மி.மீ. கனத்தில் தழும்பு இல்லாத துண்டு ஒன்று தேட வேண்டும். மெருகேற்றும் பச்சைப் பொடியான குரோமியம் ஆக்சைடு பூச வேண்டுமானால் தனி பால்சா மரக்கட்டையில் பூசுங்கள், நல்ல வாரைக் கெடுக்காதீர்கள். பாத்திரம் மெருகேற்றும் பச்சைக் கட்டி வேண்டாம், அதில் அலுமினியம் ஆக்சைடும் பெரிய துகள்களும் கலந்திருக்கும்.

இந்தக் கத்திக்கு 8000 முடிந்தது. 12000 கல்லில் பென்சில் கட்டம் போட்டு வைரத் தகட்டில் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், நடுவில் கோடுகள் இன்னும் அழியாமல் நிற்கின்றன. இது ரெசின் கல், ஊறவைத்தால் மிருதுவாகி, காயும்போது விரிசல் விடும், தண்ணீர் தெளித்தால் போதும். கல் சமமானதும் கத்தியின் எடையில் மட்டும் 40 இழுப்பு, துணி வாரில் 30 சுற்று, தோலில் 60. திருப்பும்போது முதுகின்மேல்தான் திருப்ப வேண்டும். அதன்பின், தொங்கவிட்ட முடி விளிம்பில் பட்டதும் அறுகிறதா என்று பார்க்கும் தொங்கும் முடிச் சோதனை, ஹீலிலிருந்து தொடங்கி.