வால் அறுந்த லாக்

மார்ச் 3

லாக் ரீடரை எழுதி முடித்தாயிற்று: டேட்டாபேஸ் தன் மாற்றங்களை வரிசையாகக் குறித்துவைக்கும் ஃபைலை (லாக்) திரும்பப் படிக்கிற புரோகிராம். இனி அதை உடைத்துப் பார்க்கிற வேலை. லாக்கின் அமைப்பு லெவல்டிபி என்ற கூகிளின் டேட்டாபேஸ் லைப்ரரியிலிருந்து எடுத்துக்கொண்டது: ஃபைல் முழுக்க 32,768 பைட் பிளாக்குகள், ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் 7 பைட் ஹெடர். அதில் செக்சம் (தரவு கெட்டிருக்கிறதா என்று பார்க்க உதவும் எண்) 4 பைட், நீளம் 2, துண்டின் வகை 1. பிளாக்கில் அடங்காத ரெக்கார்டு முதல், நடு, கடைசி என்று துண்டு துண்டாகப் போகும்.

டிஸ்க் வேண்டாம் என்று மெமரியிலேயே ஒரு போலி ஃபைல் வைத்து 'மழை' என்று எழுதினேன். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் அது 9 பைட், ஹெடரோடு 16. பிறகு 15, 14, 13 என்று ஒவ்வொரு பைட்டாக வெட்டிப் படிக்கவைத்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே விடைதான் வர வேண்டும்: ரெக்கார்டு இல்லை, ஃபைல் முடிந்தது, புகாரும் இல்லை. எழுதும்போதே புரோகிராம் செத்தால் வால் இப்படித்தான் அறுந்து கிடக்கும், அதற்கெல்லாம் கூப்பாடு போடக் கூடாது. 7 வரை ஒழுங்காக வந்தது. 6-இல், இல்லாத ஏழாவது பைட்டை வகை என்று படிக்கப் போய் விழுந்தது.

மார்ச் 4

வகைக்கு 1 முதல் 4 வரைதான் (முழுசு, முதல், நடு, கடைசி) செல்லும். ரீடர் மறுக்கிறதா பார்க்க நான் 100 போட்டேன். மறுத்தது, டெஸ்ட் பாஸ். மதியம் வரை சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் ஏதோ உறுத்த, வகையைச் சரிபார்க்கிற வரிகளையே அழித்துவிட்டு ஓட்டினால், அப்போதும் பாஸ்! செக்சம் வகை பைட்டையும் சேர்த்துத்தான் கணக்கிடுகிறது. பைட்டை மாற்றியதுமே செக்சம் பொருந்தாமல் போய், ரீடர் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறது. நான் சோதிக்க நினைத்த இடத்துக்கு அது வரவே இல்லை. கெடுத்த பிறகு செக்சத்தைத் திருத்தி எழுதினேன். இப்போதுதான், அந்த வரிகள் இல்லாவிட்டால், டெஸ்ட் ஒழுங்காகத் தோற்கிறது.

மார்ச் 6

நேற்று வேறு வேலை.

செக்சம் பொருந்தாவிட்டால் எவ்வளவைத் தூக்கிப் போடுவது? அந்த ஒரு துண்டை மட்டும் என்று எழுதியிருந்தேன், சிக்கனமாக இருக்கட்டுமே என்று. ஆனால் இந்த அமைப்பில் நீளம் செக்சத்துக்குள் வராது. கெட்டுப்போனதே நீளமாக இருந்தால்? சோதிக்க, ஒரு ரெக்கார்டுக்குள் ஒரு பழைய லாக்கையே தரவாக எழுதிவைத்து, வெளி ஹெடரில் நீளத்தைச் சுழியமாக்கினேன். ரீடர் 7 பைட் தாண்டி ரெக்கார்டின் வயிற்றுக்குள் இறங்கியது. உள்ளே இருந்த பழைய ரெக்கார்டுகள், செக்சமெல்லாம் கச்சிதமாக, வரிசையாக வெளியே வந்தன.

சரி, சிக்கனம் வேண்டாம். பிளாக்கின் மீதி முழுவதும் போகட்டும், அடுத்த 32,768 எல்லையில் எழுந்துகொள்ளலாம். பிளாக்குகள் ஒரே அளவில் இருப்பது இதற்காகத்தான்.

மார்ச் 7

எனக்குப் பிடித்த டெஸ்ட் இது. 32,768 பைட் ரெக்கார்டு இரண்டு, பின்னால் சின்னதாக ஒன்று. முதலாவது முதல் பிளாக்கில் தொடங்கி இரண்டாவதில் முடியும், அடுத்தது அங்கே தொடங்கி மூன்றாவதில் முடியும். நடு பிளாக்கை முழுக்கக் குப்பையால் நிரப்பினேன்.

மிஞ்சியவை முதலாவதன் முதல் துண்டும் இரண்டாவதன் கடைசித் துண்டும். இரண்டுக்கும் செக்சம் சரி, முதல்–கடைசி என்ற வரிசையும் சரி. என் ரீடர் ஒருவர் தலையை இன்னொருவர் காலோடு ஒட்டி, நல்ல ரெக்கார்டு என்று நீட்டியது. தொலைந்த ரெக்கார்டைக்கூடத் தேடலாம், இதை யார் சந்தேகப்படுவார்கள்?

கெட்ட துண்டைப் பார்த்ததும் கையிலிருக்கிற அரைகுறையையும் கீழே போடவைத்தேன். தலையில்லாமல் வரும் கடைசித் துண்டும் இழப்பில் சேரும். கணக்கு: நடு பிளாக் 32,768 + முதல் துண்டு 32,761 + கடைசித் துண்டு 21 = 65,550 பைட். காகிதத்தில் போட்ட எண்ணும் ரீடர் சொன்ன எண்ணும் ஒன்று. சின்ன ரெக்கார்டு பத்திரமாக வந்து சேர்ந்தது.

மார்ச் 9

தீராதது ஒன்று மிச்சம். கடைசி பிளாக்கில் நீளம் கெட்டுப் பெரிதானால், அது ஃபைலின் முடிவைத் தாண்டிவிடும். அறுந்த வாலும் அப்படியேதான் தெரியும். லெவல்டிபியிலிருந்து கிளைத்த ராக்ஸ்டிபியில் மீட்புக்கு நான்கு முறைகள் வைத்து, தேர்வை உபயோகிப்பவரிடமே விட்டிருக்கிறார்கள். நானும் ஒரு ஸ்விட்ச் வைத்தேன்: வழக்கமாக மௌனம், கண்டிப்பு முறையில் திறக்கவே மறுப்பு.

இரண்டு டெஸ்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஒன்றில் ஃபைலின் கடைசி பைட்டை வெட்டுகிறேன். இன்னொன்றில் எதையும் வெட்டாமல் நீளத்தில் 1 கூட்டுகிறேன். இரண்டுக்கும் வருகிற விடை ஒன்றேதான்.