துரைக்கு இன்னிக்கு என்ன வேணுமாம்?

காலைல அஞ்சரை மணிக்கு எங்க வீட்டு அடுப்புல முதல்ல ஏறுறது பால் இல்ல, இரும்புச் சட்டி. அதுல ஒரு கை வெந்தயம். வாசனை வர்ற வரைக்கும் லேசா வறுத்து மிக்சில ஒரு சுத்து. இது எங்களுக்குன்னு நினைச்சுக்காதீங்க, தொழுவத்துல மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கிற துரைக்கு.

துரைன்னா எங்க குதிரை. சாம்பல் நிறம், சின்ன சைஸ் நாட்டுக்குதிரை. எங்க தோட்டம் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவுல. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோவில் சந்தைக்குப் போன எங்க அப்பச்சி (தாத்தா), மாடு வாங்கப் போறேன்னு சொல்லிட்டு இவனைப் பிடிச்சிட்டு வந்தாரு. வித்தவர் ஒம்பது வயசுன்னு சொன்னாராம். அப்பச்சி சுழி எல்லாம் நல்லா பார்த்தாரு, பல்லைத்தான் சரியா பார்க்கல. போன வருஷம் டாக்டர் வந்து மேல்தாடைல கடைசி முன்பல்லைத் தூக்கிக் காட்டினாரு, அதுல நெட்டுக்கு ஒரு கோடு ஓடும். 10 வயசு வாக்குல ஈறுகிட்ட ஆரம்பிச்சு 20ல பல்லு முழுக்க நீண்டு, அப்புறம் மேல இருந்து மறைய ஆரம்பிக்குமாம். துரைக்கு பாதி மறைஞ்சிருச்சு. அப்படின்னா 25 பக்கம். துல்லியமா சொல்ல முடியாது, ஆனா ஒம்பதுன்னு சொன்னதெல்லாம் சும்மா.

அப்பச்சி போனதுக்கப்புறம் துரை என் பொறுப்பு. நான் வீட்டுலயே லேப்டாப்ல வேலை பாக்குற ஆளு, குதிரையைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது பூஜ்ஜியம். சாப்பிடலன்னா திமிருன்னு நினைச்சேன். பேரே துரை, அப்புறம் எப்படி இருக்கும்? புல்லைப் போட்டா மோந்துட்டு விட்டுடும், இல்லன்னா கொஞ்ச நேரம் மென்னுட்டுத் துப்பிடும். நம்ம கொறங்காட்டுல, அதாவது மேய்ச்சல் காட்டுல, வர்ற கொழுக்கட்டைப் புல்லைத் தின்னு நிஜமாவே கொழுக்கட்டை மாதிரி உருட்டி உருட்டிக் கீழ போட்டு வச்சிருக்கும். நானும் அந்த உருண்டைங்கள கூட்டி அள்ளிட்டு, புல்லு பிடிக்கல போலன்னு வேற புல்லு தேடி அலைஞ்சிருக்கேன் ரெண்டு மாசம். அது பிடிக்காம துப்பல, மெல்ல முடியாம துப்புது. இது எனக்கு எவ்வளவு லேட்டா உறைச்சதுன்னு நினைச்சா இப்பவும் கூசுது.

குதிரைப் பல்லு வருஷத்துக்கு ரெண்டு மூணு மில்லிமீட்டர் வெளிய வந்துட்டே இருக்கும், மெல்ல மெல்ல தேஞ்சுட்டே இருக்கும். வயசானா உள்ள சரக்கு தீர்ந்துரும், அவ்வளவுதான். துரைக்கு மேல ஒரு கடவாய்ப்பல்லே இல்ல, அதுக்கு நேர் கீழ இருந்தது உரச ஆளில்லாம கூரா வளர்ந்து ஈறைக் குத்திட்டு இருந்திருக்கு, பக்கத்துப் பல்லு ஓரமெல்லாம் கன்னத்துல கிழிச்சு புண்ணு. டாக்டர் மயக்க ஊசி போட்டு, வாயைத் திறந்து வைக்கிற இரும்புக் கருவிய மாட்டி, நீளமான அரத்தால ராவி விட்டாரு. தச்சுப் பட்டறை சத்தம்தான் அது, பக்கத்துல நின்ன எனக்கு பல்லு கூசிருச்சு. வருஷத்துக்கு ஒரு தடவையாவது இதைப் பார்க்கணுமாம், வயசானதுக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்கா.

சரி பல்லு ஆச்சு, இனி சாப்பிடும்னு பார்த்தா இன்னொரு வில்லங்கம். துரைக்கு முன்னாடியே லேமினைட்டிஸ் வந்திருக்கு, அதாவது குளம்பையும் உள்ள இருக்கிற எலும்பையும் பிடிச்சு வச்சிருக்கிற சதை வீங்கி நடக்கவே முடியாம போறது. சர்க்கரை, மாவுச்சத்து அதிகமான எதுவும் ஆகாது. ஒரு குதிரையை ஆசை காட்டி சாப்பிட வைக்க உலகத்துல என்னெல்லாம் வழி இருக்கோ, வெல்லம், ஊறவச்ச கடலை, சோறு, கரும்புத்தோகை, எல்லாமே தடா. கொள்ளு கூட வேகவச்சு மசிச்சு ஒரு பிடிதான். இளைச்சவனுக்கு எள்ளு கொழுத்தவனுக்கு கொள்ளுன்னு நம்மாளுங்க சொல்லிட்டு, கொள்ளையே தின்னு கொழுக்கிற குதிரையை எந்தக் கணக்குல வச்சாங்கன்னு தெரியல.

எங்க அமுச்சி (பாட்டி) இதை ஒத்துக்கவே இல்ல. “ஏஞ்சாமி, வாயில்லாச் சீவன், ஒரு கட்டி வெல்லங்கூடத் திங்கக்கூடாதுன்னா அந்த டாக்டரு என்ன டாக்டரு?” முந்தானைல முடிஞ்சு எடுத்துட்டுப் போய் கொடுத்ததை நானே ரெண்டு தடவை பிடிச்சிருக்கேன். துரையும் காட்டிக் கொடுக்காது, ஆனா அடுத்த வேளை என் வாளியைக் கண்டா அதோட மூஞ்சில ஒரு இளக்காரம் வரும் பாருங்க.

நடுவுல நான் பண்ண பெரிய தப்பையும் சொல்லிடறேன். கால் வலிக்கு டாக்டர் ஃபினைல்பூட்டசோன் பவுடர் கொடுத்தாரு. கசக்கும். நான் புத்திசாலித்தனமா தவிட்டுல கலந்து வச்சேன். ஒரு வாய் எடுத்துச்சு, உதட்டைச் சுழிச்சுச்சு, அன்னிக்கு இருந்து தவிடுன்னா பத்து நாள் கிட்ட வரல. மருந்து இல்லாத தவிட்டைக் கூட நம்பல. இப்போ மருந்தைத் தண்ணில கரைச்சு ஊசி இல்லாத சிரிஞ்சுல வாயோரமா தனியா கொடுத்துடறேன், சாப்பாட்டுப் பக்கம் அதைக் கொண்டு போறதே இல்ல. அதோட அந்த மருந்தே ரொம்ப நாள் போனா வயித்துல புண்ணு ஆக்கும், அதனாலயும் பசி போகும். குதிரை வயித்துல நாள் பூரா ஆசிட் சுரந்துட்டே இருக்குமாம், எச்சி ஊறுறதோ மென்னாதான், அப்போ சாப்பிடாம நிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் வயிறு புண்ணாகுது, புண்ணானதால சாப்பிட மாட்டேங்குது. சுத்திச் சுத்தி அதே இடம்.

வேலைக்கு ஆனது எதுன்னா தேங்காய்ப் புண்ணாக்கு. ஆஸ்திரேலியாவுல குதிரைக்கு இதையே மூட்டை போட்டு விக்கிறாங்க, சர்க்கரை கம்மி, கொழுப்பு இருக்கிறதால உடம்பு தேறும். நமக்கு காங்கேயம் பக்கத்துலயே, ஊரைச் சுத்தி கொப்பரைக் களமும் எண்ணெய் மில்லும்தான், புதுசாக் கிடைக்குது. பழசு வாங்கிடாதீங்க, காறல் வாசனை நமக்குத் தெரியுறதுக்கு முன்னாடி அதுக்குத் தெரிஞ்சிரும். வெதுவெதுப்பான தண்ணில ஊறவச்சு கூழா பிசைஞ்சு, முதல்ல ஒரு கை, அப்புறம் பத்து நாள்ல கொஞ்சம் கொஞ்சமா கூட்டினேன். ஊறவைக்காம எதையும் கொடுக்காதீங்க, ஒரு தடவை அவசரத்துல காஞ்ச தீனியைப் போட்டு உணவுக் குழாய்ல அடைச்சு மூக்கு வழியா தீனியும் எச்சியுமா வந்து நான் பதறினது போதும். மூச்சு விட முடியும்தான், ஆனாலும் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டிய விஷயம் அது.

புண்ணாக்குக் கூழையும் நாலு நாள் தின்னுட்டு அஞ்சாவது நாள் மோந்துட்டுப் போயிரும், அங்கதான் வெந்தயம் வந்துச்சு. 2005ல இங்கிலாந்துல குதிரைங்களுக்கு எந்த வாசனை பிடிக்குதுன்னு ஒரு ஆய்வு பண்ணிருக்காங்க, முதல் இடம் வெந்தயம், ரெண்டாவது வாழைப்பழம், சீரகம் கூட லிஸ்ட்ல இருக்கு. படிச்சதும் சிரிச்சுட்டேன், பதில் நம்ம அஞ்சறைப் பெட்டிலயே கிடந்திருக்கு. ஒரு டீஸ்பூன் வறுத்த பொடியை மேல தூவினா வாளிக்குள்ள மூக்கை விட்டு எடுக்க மாட்டேங்குது. வாழைப்பழத்தை மட்டும் திரும்பிக் கூட பார்க்கல, இங்கிலாந்துக் குதிரைக்கு அது அதிசயம் போல.

மத்தபடி சின்னச் சின்ன கூத்துங்க. வாளியை உயரத்துல மாட்டாம தரையிலயே வைக்கணும், குனிஞ்சு திங்கும்போதுதான் தாடை சரியா உக்காருது. நம்ம வெயிலுக்கு கூழு சீக்கிரமே புளிச்சுப் போகுது, வாளியை ஒவ்வொரு வேளையும் தேய்க்கலன்னா அன்னிக்கு பட்டினிதான். குதிரை மசால்ங்கிற தீவனப் பயிரோட இலையை மட்டும் உருவிப் போட்டா தின்னும், தண்டு இருந்தா துப்பும், பேருல மட்டும் குதிரை. பக்கத்துல எருமை அசை போட்டுட்டு நின்னா துரை கூட ரெண்டு வாய் திங்கும், தனியாக் கட்டினா கிடையாது. டேப் வச்சு நெஞ்சுச் சுற்றளவை அளந்து, அதை அதே எண்ணால பெருக்கி, நீளத்தாலயும் பெருக்கி 11,880ஆல வகுத்தா கிலோ வரும், எல்லாம் சென்டிமீட்டர்ல. பல்லு பார்த்த நேரத்துல துரை 275 இருந்துச்சு, போன வாரம் 301. உடம்பு எடைல நூத்துக்கு ரெண்டு பங்கு, அதாவது ஆறு கிலோ காஞ்ச தீனி ஒரு நாளைக்கு உள்ள போகணும், பல நாள் நாலரையோட முடிஞ்சிருது. ஒரு நாள் முழுக்க எதையுமே தொடலன்னா வெந்தயம் கிந்தயம்னு விளையாடாம சாணி போட்டுச்சான்னு பார்த்துட்டு நேரா டாக்டருக்கு போன்தான், குதிரைக்கு வயித்துவலின்னா அது உசுரு விஷயம், வாந்தி கூட எடுக்க முடியாத ஜீவன்.

நேத்து ஒரு கூத்து. பிள்ளையார் கோவில் வாசல்ல அறுகம்புல் மாலை கட்டுற அக்காகிட்ட மிச்ச புல்லை வாங்கிட்டு வருவேன், தளிரா இருக்கும், பொடிசா வெட்டிப் போட்டா பல்லுக்கும் தோதா இருக்கும். நேத்து புல்லு தீர்ந்து போச்சுன்னு சாமிக்குப் போட்டு எடுத்த மாலையைக் கொடுத்தாங்க. நூலை உருவிட்டு வெட்டிப் போட்டேன், ஒரு இணுக்கு மிச்சம் வைக்கல. அமுச்சிக்கு ஒரே சந்தோஷம், டாக்டர் மருந்தெல்லாம் சும்மா, பிள்ளையார்தான் பசியைக் கொடுத்தாருன்னு. வெல்லம் கொடுக்காம இருந்தா சரின்னு நானும் ஆமாங்க அமுச்சின்னுட்டேன்.

இதை டைப் பண்ணிட்டு இருக்கும்போதே தொழுவத்துல வாளி உருள்ற சத்தம். தின்னு முடிச்ச வாளியா, பிடிக்காம உதைச்ச வாளியான்னு போய்ப் பார்க்கணும்.