இன்ட்டுக்கு எத்தன பைட்டு: ஜூலை நாட்குறிப்பு

ஜூலை 6, ஞாயிறு

சி மொழியில ஒரு சின்னத் துண்ட மட்டும் எடுத்து அதுக்கு ஒரு இன்டர்பிரட்டர் (புரோகிராமப் படிச்சு ஓட்டிக் காட்டுற மென்பொருள்) எழுதிட்டு இருக்கேன்னு முன்னாடியே சொல்லியிருந்தேன். இஃப், வைல், ஃபங்ஷன் எல்லாம் ஓடுது, அடுத்தது பாயின்டரும் (மெமரி முகவரிய வெச்சிருக்கற வேரியபிள்) அர்ரேவும் (ஒரே டைப் மதிப்புகளோட வரிசை), ஆனா அதத் தொடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு டைப்பும் (முழு எண்ணுக்கு இன்ட், ஒரு எழுத்துக்கு கேர் மாதிரி) மெமரில எத்தன பைட்டு எடுக்கும்னு இன்டர்பிரட்டருக்குத் தெரிஞ்சாகோணும், அதனால இந்த மாசம் பூராவும் அந்த அளவக் கேக்கற சைஸ்ஆஃப் (sizeof) தான்.

பாக்கறதுக்கு ஃபங்ஷன் மாதிரியே இருந்தாலும் சைஸ்ஆஃப் ஒரு ஆபரேட்டருங்க. டைப் பேரக் குடுத்தாத்தான் அடைப்புக்குறி கட்டாயம், வேரியபிளுக்கு வேண்டியதில்ல, சும்மா சைஸ்ஆஃப் எக்ஸ்னு எழுதுனாப் போதும். இதனால பார்சருக்கு (எழுதுனத இலக்கணப்படி பிரிச்சுப் படிக்கற பகுதி) ஒரு வேல கூடுது, அடைப்புக்குறி வந்ததும் உள்ள இருக்கறது டைப் பேரா எக்ஸ்பிரஷனான்னு அடுத்த டோக்கன (சொல் துண்ட) எட்டிப் பாக்கோணும். டைப்டெஃப் (டைப்புக்கு வெக்கற புதுப் பேரு) இருந்தா சிம்பல் டேபிள்லயும் (பேருகளோட பட்டியல்) போய் அந்தப் பேரு டைப்பா வேரியபிளான்னு கேக்கோணும்.

இதுல எனக்கு நெம்பப் புடிச்ச எடம் ஒண்ணு இருக்குது. சைஸ்ஆஃப் (இன்ட்) * பி அப்படின்னு எழுதுனா பாக்கறவங்களுக்கு பி காட்டுற எடத்துல இருக்கறத இன்ட்டா மாத்தி அதோட அளவக் கேக்கற மாதிரி தெரியும், ஆனா சி இலக்கணப்படி அது சைஸ்ஆஃப் (இன்ட்), அதுக்கப்பறம் பெருக்கல் பி. சைஸ்ஆஃப்க்குப் பின்னாடி காஸ்ட் (டைப்ப மாத்தறது) நேரா வரக்கூடாதுன்னு இலக்கணத்துலயே அடைச்சு வெச்சுட்டாங்க. அந்த ஒத்த விதிய மட்டும் பார்சர்ல அப்படியே எழுதிட்டா குழப்பமே இல்ல.

ஜூலை 8, செவ்வாய்

அக்கா பையன் பொள்ளாச்சில இருந்து வந்திருந்தான், இஞ்சினியரிங் மொத வருசம். அவன்ற நோட்டுல இன்ட் 2 பைட்டுன்னு எழுதியிருக்குது, என்ற லேப்டாப்புல 4ன்னு வருது. "ஏனுங் மாமா, இதுல எதுங்க செரி?"

ரெண்டுமே செரிதான், எந்த மிசின்னு கேக்காமப் பதில் சொல்ல முடியாது. அந்த 2 பைட்டு டர்போ சி காலத்துல இருந்து வர்றது, அது 16 பிட் டாஸ் கம்பைலர். அதுக்கும் முந்தி, டென்னிஸ் ரிட்சி சி எழுதுன பிடிபி-11 மிசின்லயும் இன்ட் 16 பிட்டுதான். சி ஸ்டாண்டர்டு எண்ணிக்கைய எழுதி வெக்கல, கீழ்வரம்பு மட்டும்தான் போட்டிருக்குது: கேர் எப்பவும் 1 பைட்டு, இன்ட் கொறஞ்சது 16 பிட், லாங் கொறஞ்சது 32, லாங் லாங் கொறஞ்சது 64. அதுக்கு மேல கம்பைலர் பாடு. 64 பிட் லினக்ஸ்ல லாங் 8 பைட்டு, அதே மிசின்ல 64 பிட் விண்டோஸ் போட்டா லாங் 4 பைட்டு, பாயின்டர் மட்டும் ரெண்டுலயும் 8.

பசங்க இத மனப்பாடம் பண்ணி பரிச்ச எழுதறதப் பாத்தா எனக்கு மனசு கேக்கறதில்லைங்க. மிசினச் சொல்லாம "இன்ட்டோட அளவு என்ன"ன்னு ஒரு மார்க் கேள்வி கேக்கவே கூடாதுங்கறது என்ற கட்சி.

அவங்கிட்ட ஆர்டுயினோ ஊனோங்கற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒண்ணு இருக்குது, தோட்டத்து மோட்டார் எத்தன நேரம் ஓடுதுன்னு பாக்க ஏதோ பண்ணிட்டு இருக்கான். ஊனோல இன்ட் 2 பைட்டு, பாயின்டர் 2, டபுள் (தசம எண்ணுக்கான டைப்) கூட 4 தான். அப்ப நோட்டுல இருக்கறது பழைய கத மட்டுமில்ல, அவன் கையில இருக்கற போர்டுக்கு இன்னைக்கும் அதான் உண்ம. இதச் சொன்னதும் அவன் மூஞ்சியில ஒரு தெளிச்சி வந்துச்சு பாருங்க, அப்பவே முடிவு பண்ணிட்டேன், அளவெல்லாம் என்ற லேப்டாப்ப நம்பி இருக்கக் கூடாது, தனியா ஒரு டேபிள்ல இருக்கோணும், ஊனோ, 32 பிட், 64 பிட் லினக்ஸ், 64 பிட் விண்டோஸ்னு எது வேணுமோ அத ஓட்டும்போது சொல்லிக்கலாம்.

ஜூலை 9, புதன்

டேபிள் வெச்சாச்சு. ஆனா அளவ பிரின்ட் பண்ணிக் காட்டுறதோட நின்னா அது வெறும் பொம்மை. இன்டர்பிரட்டரோட மெமரி ஒரு பெரிய பைட் அர்ரே, அதுல எழுதறதும் படிக்கறதும் ரெண்டே ஃபங்ஷன், ரெண்டும் இப்ப டேபிளக் கேட்டுத்தான் வேல செய்யுது. ஊனோ மாடல்ல இன்ட்ட எழுதுனா கீழ் 2 பைட்டு மட்டும் உள்ள போகும், படிக்கும்போது மேல் பிட்டப் பாத்து மைனஸா பிளஸ்ஸான்னு விரிச்சுக் குடுக்கும். 30000ங்கற இன்ட்டோட 10000ங்கற இன்ட்டக் கூட்டுனா ஊனோல அது அளவுக்கு மீறிப் போயிரும், சைன் (பிளஸ் மைனஸ் குறி) உள்ள எண்ணுல அப்படி மீறுனா என்ன ஆகும்னு ஸ்டாண்டர்டு எந்த உறுதியும் குடுக்கறதில்ல, அதனால நான் ஓட்டத்த நிறுத்தி எந்த வரின்னு சொல்ற மாதிரி வெச்சுட்டேன். படிக்கற பசங்களுக்கு அதுதான் நல்லது.

ஜூலை 13, ஞாயிறு

ஸ்ட்ரக்ட், அதாவது பல டைப்ப ஒண்ணாச் சேத்துக் கட்டறது. ஒரு கேர், ஒரு இன்ட், மறுபடி ஒரு கேர், 64 பிட்ல இதோட அளவு என்னன்னு கேட்டா எல்லாரும் 6ன்னு சொல்லுவாங்க. வர்றது 12.

அப்பா திண்ணையில உக்காந்து என்னடா பண்றேன்னு கேட்டாரு, அவருக்குத் தென்ன வெச்சுத்தான் சொன்னேன். எங்க தோட்டத்துல 25 அடிக்கு ஒரு தென்னங்குழி. நடுவுல ஒரு வாழ வெச்சாலும் வெக்காட்டியும் அடுத்த தென்ன அடுத்த குழியிலதான் வரும், மிச்ச எடம் சும்மா கெடக்கும். 4 பைட்டு இன்ட்டும் அப்படித்தான், 4ன் மடங்கா இருக்கற முகவரியிலதான் உக்காரும். மொத கேர் 0ல உக்காந்தா 1, 2, 3 காலியா விட்டு இன்ட் 4ல ஆரம்பிக்குது, அது 7ல முடிஞ்சு கடைசி கேர் 8ல. இதுவரைக்கும் 9, ஆனா இதே ஸ்ட்ரக்ட்ட அர்ரேவா அடுக்குனா ரெண்டாவதுக்குள்ள இருக்கற இன்ட்டும் 4ன் மடங்குல நிக்கோணும், அதுக்காக வாலுல இன்னும் 3 சேத்தி 12. அப்பா தலையாட்டிட்டு, "அப்ப சின்னதையெல்லாம் ஒரே பக்கம் வெக்கறது"ன்னாரு. அதேதான்! ரெண்டு கேரையும் பக்கத்துல பக்கத்துல எழுதுனா மொத்தம் 8ல முடிஞ்சுருது. கம்பைலர் தானா மாத்தி அடுக்காது, எழுதுன வரிசையிலயே இருக்கோணும்னு சி சொல்லுது, அதனால அது எழுதறவங்க பொறுப்பு.

இப்படி மடங்குல நிக்கறதுக்கு அலைன்மென்ட்னு பேரு. கணக்கு ஒரே வரிதான். இப்ப இருக்கற எடத்தோட அலைன்மென்ட்ட விட ஒண்ணு கொறச்சுக் கூட்டி, அப்பறம் கீழ் பிட்டுகள அழிச்சுட்டா அடுத்த மடங்கு கெடச்சுரும். ஸ்ட்ரக்ட்டோட அலைன்மென்ட்டுங்கறது உள்ள இருக்கறதுலயே பெரிய அலைன்மென்ட். அதனால டேபிள்ல அளவு ஒரு பத்தி, அலைன்மென்ட் தனியா ஒரு பத்தி வெச்சுட்டேன், ரெண்டும் ஒண்ணேதான்னு நெனச்சு ஒரே பத்தியா வெக்க முடியாது. 32 பிட் லினக்ஸ்ல ஸ்ட்ரக்ட்டுக்குள்ள வர்ற டபுளுக்கு அளவு 8, ஆனா அலைன்மென்ட் 4, அங்க கேரும் டபுளும் சேந்தா 12, 64 பிட்ல 16. ஊனோ 8 பிட் மிசின், பைட்டு பைட்டாத்தான் படிக்கும், அங்க எல்லாத்துக்கும் அலைன்மென்ட் 1. மேல சொன்ன அதே மூணு உறுப்பு ஸ்ட்ரக்ட் அங்க வெறும் 4.

ஜூலை 16, புதன்

இன்னைக்குத்தான் சைஸ்ஆஃபோட உசுரு எங்க இருக்குதுன்னு எழுதறேன். சைஸ்ஆஃப்(ஐ++) போட்டா ஐ மாறாது. உள்ள இருக்கற எக்ஸ்பிரஷன ஓட்டவே கூடாது, அதோட டைப் என்னன்னு மட்டும் கண்டுபுடிக்கோணும். படிக்கப் படிக்க அப்பவே ஓட்டிட்டுப் போற இன்டர்பிரட்டர்ல இது பெரிய தலவலி, எதையும் ஓட்டாம அடுத்த டோக்கன் வரைக்கும் தாண்டிப் போக ஒரு கொடி (ஃபிளாக், ஆமா இல்லைன்னு குறிச்சு வெக்கற வேரியபிள்) வெச்சுக்கோணும். என்றது மொதல்ல புரோகிராம மரம் மாதிரி அமைப்பா (ட்ரீ) கட்டிட்டு அப்பறம் ஓட்டற வக, அதனால மரத்து மேல நடந்து டைப்ப மட்டும் சொல்ற ஃபங்ஷன் தனியா எழுதியாச்சு. அது மெமரியத் தொடறதே இல்ல. பி எங்கயுமே காட்டாத நல் பாயின்டரா இருந்தாலும் சைஸ்ஆஃப் *பி தைரியமாக் கேக்கலாம், பி இன்ட் பாயின்டர்னா பதில் 4 (இனி மாடல் பேரு சொல்லாத எடமெல்லாம் 64 பிட் கணக்கு). மெமரி கேட்டு வாங்கற மாலாக் (malloc) ஃபங்ஷனக் கூப்புடும்போது டைப் பேர எழுதாம சைஸ்ஆஃப் *பின்னு எழுதறது இதனாலதான் நல்ல பழக்கம், நாளைக்கு பியோட டைப் மாறுனாலும் அந்த வரி மாற வேண்டியதில்ல.

அந்த ஃபங்ஷன் எழுதும்போதுதான் சியோட மத்த விதியெல்லாம் வரிசையா வந்து நிக்குது. ரெண்டு கேரக் கூட்டுனா டைப் இன்ட், அளவு 4. ஒத்த மேற்கோளுக்குள்ள ஒரு எழுத்துப் போட்டு அளவு கேட்டா சி மொழில 4, சி பிளஸ் பிளஸ்ல 1. அப்பறம் சைஸ்ஆஃப் குடுக்கற விடையோட டைப் சைன் இல்லாதது, 64 பிட்ல மைனஸ் 1 சைஸ்ஆஃப்(இன்ட்)ட விடச் சின்னதான்னு கேட்டா இல்லைன்னு வரும், ஏன்னா அந்த மைனஸ் 1 ஒப்பிடறதுக்கு முன்னாடியே 18446744073709551615 ஆயிருது.

ஜூலை 20, ஞாயிறு

ஆடிக் காத்து வந்துருச்சு, பாலக்காட்டுப் பக்கமிருந்து வீசற வீச்சுல கரண்டு போய்ப் போய் வருது. கெடச்ச நேரத்துல அர்ரே முடிச்சேன்.

10 இன்ட் அர்ரேக்கு சைஸ்ஆஃப் 40. அதையே ஃபங்ஷனுக்கு அனுப்பி உள்ள போய்க் கேட்டா 8, ஏன்னா பாராமீட்டர்ல அர்ரேன்னு எழுதுனாலும் அது பாயின்டர்தான். இன்டர்பிரட்டர்ல இதுக்கு செய்ய வேண்டியது, பாராமீட்டரப் பார்ஸ் பண்ற எடத்துலயே டைப்ப மாத்தி வெச்சுடறது, சைஸ்ஆஃப்ல எந்த விதிவிலக்கும் வேண்டாம். ஓடும்போது அளவு தெரியற விஎல்ஏ அர்ரேவ மட்டும் நான் சேக்கல. அது ஒண்ணுக்குத்தான் சைஸ்ஆஃப் உள்ள இருக்கறத ஓட்ட வேண்டியிருக்கும், அந்த ஒண்ணுக்காக டைப் ஃபங்ஷன் மெமரியத் தொடறது எனக்கு ஒப்பல.

ஸ்ட்ரிங்குக்கு "கொங்கு"ன்னு குடுத்துப் பாத்தேன், 19. க, ொ, ங, புள்ளி, க, ு ஆறு கோட் பாயின்ட் (யூனிகோட் எழுத்துக்கான எண்), அத பைட்டா எழுதற யூடிஎஃப்-8 முறைல தமிழ் கோட் பாயின்ட் ஒவ்வொண்ணும் 3 பைட்டு, 18, கடைசில ஸ்ட்ரிங் முடிஞ்சதக் காட்டுற சுழியன் (0 பைட்டு) ஒண்ணு. அந்த ொ சில எடத்துல கொம்பும் காலும்னு ரெண்டாப் பிரிஞ்சு சேமிச்சிருந்தா அதே சொல் 22 ஆகும். பாக்கறதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

ஜூலை 25, வெள்ளி

பாயின்டர் கணக்கு. பி + 1 ன்னா ஒரு பைட்டு தள்ளறது இல்ல, பி காட்டுற டைப்போட அளவு தள்ளோணும். 3க்கு 4 இன்ட் அர்ரே ஏன்னு வெச்சா மொத்தம் 48, ஏ + 1 போட்டா 16 தள்ளும். இந்த அளவ எல்லாம் குடுக்கறது சைஸ்ஆஃப்க்கு எழுதுன அதே ஃபங்ஷன்தான்: அர்ரேவோட எடம், ஸ்ட்ரக்ட் உறுப்போட தூரம், ரெண்டு பாயின்டரக் கழிக்கறது, லோக்கல் வேரியபிளுக்கு எடம் ஒதுக்கறது. பயனர் புரோகிராம்ல சைஸ்ஆஃப்னு ஒரு தடவ கூட எழுதாட்டியும் உள்ள அது பொழுதுக்கும் ஓடிட்டே இருக்குது. நான் இதுக்கு இத்தன நாள் குடுத்ததுக்குக் காரணம் இதுதான்.

ஒரு காவல் மட்டும் போட்டேன். 100 கோடி இன்ட் அர்ரேன்னு ஒருத்தர் எழுதுனா பெருக்கல் 400 கோடி, 32 பிட் சைன் எண்ணுல அது அடங்காது. அதனால பெருக்கல 64 பிட்ல பண்ணி, மாடலோட மெமரிக்கு மேல போனா எரர்.

ஜூலை 27, ஞாயிறு

யூனியன் (எல்லா உறுப்பும் ஒரே எடத்தப் பங்கு போட்டுக்கறது) சீக்கிரம் முடிஞ்சுது, எல்லா உறுப்பும் 0ல ஆரம்பிக்கும், அளவு பெருசோடது, அப்பறம் அலைன்மென்ட்டுக்கு ஏத்தறது. 5 கேர் அர்ரேவும் ஒரு இன்ட்டும் இருந்தா 8.

மாப்ள மறுபடி வந்தான், மோட்டார் புரோகிராமோட. அர நிமிசத்துக்கு மேல ஓடுனா நேரம் மைனஸ்ல காட்டுதுங் மாமான்னான். ஆர்டுயினோவோட மில்லிஸ் ஃபங்ஷன் குடுக்கற மில்லி செகண்ட அவன் இன்ட்ல வாங்கி வெச்சிருந்தான். மில்லிஸ்னு ஒரு ஃபங்ஷன இன்டர்பிரட்டர்ல சேத்தி ஊனோ மாடல்ல ஓட்டுனோம், 32767 வரைக்கும் நல்லாப் போச்சு, அடுத்தது -32768 (இது கூட்டல்ல மீறுறது இல்ல, பெரிய எண்ண இன்ட்ல வாங்கும்போது கீழ் 2 பைட்டு மட்டும் தங்கறது, அதனால ஓட்டம் நிக்கல). 64 பிட் மாடல்ல அதே புரோகிராம் அலுங்காம ஓடுச்சு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு அவனே அன்சைன்ட் லாங்குக்கு மாத்திட்டான், ஊனோல அது 4 பைட்டு, 49 நாளுக்கு மேல தாங்கும். அதுக்கப்பறம் மறுபடி 0ல இருந்து ஆரம்பிச்சாலும், இப்ப நேரத்துல இருந்து ஆரம்ப நேரத்தக் கழிச்சா சைன் இல்லாத கணக்குல விட செரியாவே வரும், அதையும் மாடல்ல ஓட்டிக் காட்டுனேன். பிட் ஃபீல்டு (பிட் கணக்குல அளவு சொல்ற ஸ்ட்ரக்ட் உறுப்பு) மட்டும் பாக்கி, அத அடுத்த மாசம் எடுக்கறேன்.