வாளி நிறையச் சாம்பார்

உணவகத்தில் வரும் புகார்களில் பாதி, சூடு போதவில்லை என்பதுதான். காபி ஆறியிருந்தால் டம்ளர் திரும்பி வரும். சாம்பார் வெதுவெதுப்பாக இருந்தால் சப்ளையருக்குத் திட்டு, பிறகு கேஷில் இருப்பவருக்குத் திட்டு. புரசைவாக்கத்தில் ஒரு சைவ உணவகத்தில் பல ஆண்டுகள் மேற்பார்வையாளராக வேலை பார்த்திருக்கிறேன். சூடு அதிகம் என்று யாரும் என்னிடம் வந்து குறைப்பட்டதில்லை. ஆகவே சமையலறை மொத்தமும் ஒரே திசையில் ஓடும். பால் கொதி அடங்கக் கூடாது. சாம்பார் அடுப்பிலிருந்து நேராக வாளிக்கு, வாளியிலிருந்து நேராக இலைக்கு. இந்த ஓட்டத்தில் யாராவது சுட்டுக்கொள்ளும் அன்றுதான் யார் பொறுப்பு என்ற பேச்சு எழும். எழுந்த வேகத்தில், வாளியைக் கையில் வைத்திருந்தவன் தலையில் போய் விழும். அது விழவேண்டிய தலை அதுவல்ல என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை டிபன் நேரம். கூடம் நிரம்பி, காத்திருப்பவர்கள் சாப்பிடுபவர்களின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். கை கழுவும் இடம் சமையலறை வாசலை ஒட்டி இருந்தது. அங்கே தரை எப்போதும் ஈரம். கை கழுவிவிட்டு, ஈரக் கையை உதறிக்கொண்டு நான்கைந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று தன் மேஜையை நோக்கி ஓடியது. அதே நேரத்தில் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு சப்ளையர் ஒருவர் வெளியே வந்தார், கையில் வாளி நிறையச் சாம்பார். திரும்பியதும் குழந்தையைப் பார்த்துவிட்டார். இடித்துவிடக் கூடாதென்று பின்னால் சாய்ந்தார். கால் வழுக்கியது, வாளி சாய்ந்தது. பெரும்பகுதி அவருடைய மணிக்கட்டிலும் புறங்காலிலும் கொட்டியது. ஒரு வீச்சு குழந்தையின் முன்கையில் பட்டது.

வெந்நீர் பட்டால் வழிந்து ஓடிவிடும். சாம்பார் ஓடாது. பருப்பின் கெட்டியும் தாளித்த எண்ணெயும் சேர்ந்து தோலோடு ஒட்டிக்கொண்டு, உள்ளே சூட்டைப் பிடித்துவைத்திருக்கும். குழந்தையின் கையில் கறிவேப்பிலை ஒன்று அப்படியே ஒட்டியிருந்தது. பக்கத்து மேஜைகளிலிருந்து யோசனைகள் வந்தன. பற்பசை என்றார் ஒருவர், இங்க் என்றார் இன்னொருவர், காபித் தூளை அப்பச் சொன்னார் ஒரு பெரியவர். எதையும் தடவவிடாமல் குழந்தையைத் தூக்கிக் குழாயடிக்குக் கொண்டுபோனேன். கை வீங்குவதற்குள் வளையல்களைக் கழற்றச் சொன்னேன். ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கையைப் பிடித்துவைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சுற்றி நின்று எல்லோரும் “ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்” என்று கத்தும்போது அந்த 20 நிமிடத்தைக் காப்பாற்றுவது எத்தனை கடினம் என்பது அன்றுதான் தெரிந்தது. பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி, ஆட்டோவில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். தீக்காயச் சிகிச்சைக்குச் சென்னையில் எல்லோரும் முதலில் சொல்லும் இடம் அதுதான். குழந்தைக்குக் காயம் ஆழமாக இல்லை, ஆறிவிட்டது.

சப்ளையரை அதுவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பாத்திரம் கழுவும் தொட்டியில் கையை வைத்தபடி, “பாப்பாவுக்கு எப்படி இருக்கிறது சார்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குத்தான் கொப்புளம் பெரிது.

அதன் பிறகு நடந்த வாக்குவாதத்தில் மூன்று தரப்பு. “அந்த ஆளை இன்றே வேலையைவிட்டு நிறுத்துங்கள்” என்றார் குழந்தையின் தந்தை. “ஹோட்டலில் குழந்தையை ஓடவிட்டது யார்?” என்றார் முதலாளி, அவர் போன பிறகு. “பார்த்து வந்திருக்க வேண்டாமா தம்பி?” என்று சப்ளையரைக் கேட்டார் சமையலுக்குப் பொறுப்பான சரக்கு மாஸ்டர். மூவரும் அந்த ஒரு நொடியைப் பற்றியே பேசினார்கள். அந்த நொடியில் அவர் செய்தது சரி என்றே இன்றும் சொல்வேன். குழந்தைமேல் விழாமல் தன்மேல் சாய்த்துக்கொண்டார். அதற்குமேல் ஒரு மனிதனால் என்ன செய்ய முடியும்?

அந்த நொடிக்கு முன்னால் முடிவான விஷயங்களைப் பார்க்க வேண்டும். வாளி ஏன் விளிம்புவரை நிறைந்திருந்தது? நெரிசல் நேரத்தில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடக்கும் நடையைக் குறைக்க. நடையை ஏன் குறைக்க வேண்டும்? ஒவ்வொருவர் பொறுப்பிலும் அத்தனை மேஜைகள். சப்ளையர் எண்ணிக்கையை நிர்ணயிப்பவர் யார்? வாளிக்கு மூடி ஏன் இல்லை? மூடியைத் திறந்து மூடினால் பரிமாறுவது தாமதமாகும். கை கழுவும் தொட்டி ஏன் சமையலறை வாசலில்? கட்டடம் கட்டும்போது குழாய் இணைப்பு அங்கேதான் இருந்தது, இடம் மாற்றினால் இரண்டு மேஜை போய்விடும். இந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அந்தச் சப்ளையர் பதில் சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லக்கூடியவர் ஒருவர்தான். அவர் அப்போது கல்லாவில் இருந்தார்.

சூட்டின் அளவும் இப்படி முடிவு செய்யப்படுவதுதான். உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் பயிற்சிக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். 25 ஊழியர்களுக்கு ஒருவர் அந்தப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் ஏற்பாடு. சமைத்த உணவைச் சூடாக வைத்திருப்பதென்றால் 60 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கக் கூடாது, இறங்கினால் கிருமி பெருகும் என்பதை அங்கே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்கள். மிகவும் தேவையான பாடம். ஆனால் மேல்வரம்பு பற்றி அங்கே பேச்சே இல்லை. பரிசோதனைக்கு வரும் அதிகாரியும் சூடு குறைவா என்றுதான் பார்ப்பார்.

பயிற்சி முடிந்து வந்து, உணவில் குத்திப் பார்க்கும் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். அடுப்பிலிருந்து வாளிக்கு வந்த சாம்பார் 90 டிகிரியைத் தாண்டியிருந்தது. கலந்த காபி டம்ளரில் 80-ஐ ஒட்டி. 70 டிகிரியில் உள்ள நீர் தோலில் ஒரு விநாடி பட்டாலே ஆழமான காயம் உண்டாகும். 60 டிகிரியில் அதற்கு ஏறத்தாழ 5 விநாடி ஆகும், அதாவது கையை இழுத்துக்கொள்ள, துணியை விலக்க நேரம் கிடைக்கும். குழந்தைகளுக்கு அந்த நேரமும் குறைவு, தோல் மெல்லியது. வாய்க்கும் தொண்டைக்கும்கூட அத்தனை சூடு நல்லதில்லை. 65 டிகிரிக்கு மேற்பட்ட பானங்களை வழக்கமாகக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது.

டம்ளரும் டவராவும் இருக்கும்வரை காபி அத்தனை ஆபத்தாக இல்லை. இரண்டு முறை ஆற்றினால் 70-க்கு வந்துவிடும். டவராவின் அகன்ற வாயில் இன்னும் இறங்கும். எவ்வளவு சூடு வேண்டும் என்பதைக் குடிப்பவரே தன் கையால் தீர்மானிக்கிறார். காகிதக் கோப்பையில் மூடி போட்டுக் கொடுத்தால் அந்த அதிகாரம் அவரிடமிருந்து போய்விடுகிறது. உள்ளே என்ன சூடு என்று கைக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. தெரியாதபடி மறைத்தவர் பொறுப்பும் அந்த அளவுக்குக் கூடுகிறது.

இந்தப் பேச்சை எடுத்தாலே அமெரிக்காவில் காபி கொட்டிக்கொண்டு கோடீஸ்வரியான கிழவியின் கதையை யாராவது சிரித்தபடி சொல்வார்கள். நடந்ததைத் தெரிந்துகொண்டால் சிரிப்பு வராது. 1992 பிப்ரவரியில், நியூ மெக்சிகோவின் அல்புகர்க்கி நகரில், 79 வயது ஸ்டெல்லா லீபெக், நின்றிருந்த காரில் உட்கார்ந்து மெக்டொனால்ட்ஸ் காபியின் மூடியைத் திறந்தபோது அது மடியில் கொட்டியது. உடலின் 6 சதவீதப் பரப்பில் மூன்றாம் நிலைத் தீக்காயம், அதாவது தோலின் முழு ஆழமும் வெந்த காயம். 8 நாள் மருத்துவமனையில் இருந்தார், தோல் ஒட்டு அறுவைச் சிகிச்சை நடந்தது. செலவுக்காக 20,000 டாலர் கேட்டார். நிறுவனம் 800 டாலர் தருவதாகச் சொன்னது. காபியை 82 முதல் 88 டிகிரியில் கொடுக்க வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் எழுதிவைத்த விதி என்பதும், அதற்கு முந்தைய 10 ஆண்டுகளில் 700-க்கும் மேற்பட்ட சூட்டுக்காயப் புகார்கள் அதற்கு வந்திருந்ததும் விசாரணையில் வெளிவந்தன. 1994-இல், வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் குடிமக்கள் குழுவான ஜூரி, பொறுப்பில் 80 சதவீதத்தை நிறுவனத்தின் மீதும் 20 சதவீதத்தை லீபெக் மீதும் வைத்தது. நிறுவனத்தைத் தண்டிக்கும் விதமாகக் கூடுதல் இழப்பீடாக ஜூரி சொன்ன 27 லட்சம் டாலரை நீதிபதி 4,80,000-ஆகக் குறைத்தார். கடைசியில் இரு தரப்பும் வெளியே தெரிவிக்காத ஒரு தொகைக்கு உடன்பட்டார்கள்.

அதே நிறுவனத்தின் மீது குழந்தைகள் உள்பட பலர் தொடுத்த வழக்கில், 2002-இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் நேர்மாறாகத் தீர்ப்பளித்தது. காபி சூடாக இருக்கும் என்பது மக்களுக்குத் தெரியும், அப்படித்தான் அவர்கள் விரும்புகிறார்கள் என்றது. அந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சூடாகக் கேட்டு வாங்குபவர்களைத் தினமும் பார்த்தவன் நான். ஆனால் அமெரிக்க ஜூரி செய்த பங்கீடுதான் என் அனுபவத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. முழுப் பழியும் ஒருவர்மேல் என்று இருக்க வேண்டியதில்லை. குழந்தையைக் கைப்பிடித்து அழைத்துப் போக வேண்டிய கடமை பெற்றோருக்கு உண்டு. அதற்கு 20 கொடுக்கலாம். மீதி 80-ஐக் கல்லாவை விட்டு வேறெங்கே கொண்டுபோய் வைப்பது?

நம் சட்டமும் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், விற்ற பொருளால் தீங்கு நேர்ந்தால் யார் இழப்பீடு தருவது என்பதற்குத் தனி அத்தியாயம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின்படி உணவும் பொருள்தான். முதலாளியின் வழக்கறிஞர் நண்பர் 87-ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டினார். எல்லோருக்கும் தெரிந்த ஆபத்தைப் பற்றி எச்சரிக்கவில்லை என்பதற்காகத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க முடியாது என்கிறது அது. “சாம்பார் சுடும் என்பது யாருக்குத் தெரியாது?” என்றார். உண்மைதான். ஆனால் அது எச்சரிக்கையைப் பற்றிய விலக்கு மட்டுமே. சாம்பார் சுடும் என்று தெரிந்தவருக்கும், முதுகுக்குப் பின்னால் மூடியில்லாத வாளி ஈரத்தரையில் வருகிறது என்று தெரியாது. அது சேவைக் குறைபாடு. “சூடான உணவு, கவனம்” என்று ஒரு பலகை மாட்டிவிடலாம் என்றார்கள். பலகை வந்தது, வாசலை ஒட்டிய தொட்டி அப்படியே இருந்தது.

காயம்பட்டவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், காயத்தையும் இடத்தையும் படம் எடுங்கள், மருத்துவமனைச் சீட்டில் எப்படி நேர்ந்தது என்று எழுதச் சொல்லுங்கள். 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகாரில் நிர்வாகத்தின் பெயரைப் போடுங்கள், பரிமாறியவர் பெயரைப் போட வேண்டாம்.

எங்கள் உணவகத்தில் குழந்தையின் சிகிச்சைச் செலவை முதலாளி கொடுத்தார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பாதியைச் சப்ளையரின் சம்பளத்தில் பிடிக்கச் சொன்னார். அவருக்கும் கை வெந்திருக்கிறது, வேலைக்கு வர முடியாத நாட்களுக்கு நாம்தான் கொடுக்க வேண்டும் என்று வாதாடினேன். பிடித்தம் நின்றது, விடுப்புச் சம்பளம் வரவில்லை. வாளிகளுக்கு மூடி வந்தது. முக்கால் வாளிக்குமேல் ஊற்றக் கூடாது என்று சரக்கு மாஸ்டர் தானாகவே ஒரு வழக்கம் கொண்டுவந்தார். குழந்தை இருக்கும் மேஜையில் அதன் தலைக்கு மேலாக எதையும் நீட்டாமல் மறுபக்கம் சுற்றிப் போய்ப் பரிமாறச் சொல்லி எல்லோருக்கும் பழக்கினேன். பரிமாறும் வேகம் கொஞ்சம் குறைந்தது. அதற்காக ஒரு வாடிக்கையாளரும் எழுந்து போகவில்லை.

இப்போது கவலையெல்லாம் பார்சல் பக்கம். கொதிக்கும் சாம்பாரை டப்பாவில் ஊற்றி, மூடி அழுத்தி, செயலியில் ஓடும் நேரத்துக்குப் பயந்து உடனே கொடுத்தனுப்புகிறார்கள். உள்ளே நீராவி மூடியைத் தூக்கிக்கொண்டிருக்கும். அதைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு மேடு பள்ளத்தில் வண்டி ஓட்டும் பையனுக்கு, பையில் என்ன சூட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. வீட்டில் அதைத் திறப்பது பெரும்பாலும் பசியோடு காத்திருக்கும் பிள்ளைகள். கட்டுவதற்கு முன் அகன்ற பாத்திரத்தில் ஊற்றிச் சில நிமிடம் விட்டால் 75-க்கு இறங்கிவிடும். 60 என்ற எல்லைக்கு மேலேதான் இருக்கும், கெட்டுப்போகாது. அந்தச் சில நிமிடத்தை அனுமதிக்காத கடிகாரத்தை வைத்திருப்பவர்களிடமும் இனி இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.