டெல்டாவில் பி.ஏ. பொருளியல்: படித்த முறையும் என் பரிந்துரையும்

பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டுத் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் கலைக் கல்லூரிகளில் பி.ஏ. பொருளியலில் சேர்கிறவர்களில் பலர் அந்தப் பாடத்தை முதல் விருப்பமாகக் குறித்தவர்கள் அல்லர். பி.காம். இடங்கள் நிரம்பியிருக்கும், அல்லது குரூப் தேர்வுகளுக்கு உதவும் என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். நான் திருவாரூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தினமும் பேருந்தில் சென்று, தமிழ்வழியில் இந்தப் பட்டத்தைப் பெற்று, பிறகு முதுகலையும் முடித்து, இப்போது மேல்நிலைப் பள்ளியில் இதே பாடத்தைக் கற்பிக்கிறேன். என்னிடம் படித்துக் கல்லூரிக்குச் செல்லும் மாணவர்கள் பொருளியலை எப்படிப் படிப்பது என்று கேட்கும்போது நான் கூறுவதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். இந்தப் பாடத்தை வரைந்தும் கணக்கிட்டும் படிக்க வேண்டும். கற்ற கோட்பாட்டை நம் ஊர்ச் சந்தையில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். வரலாற்றுப் பாடம் போல மனப்பாடம் செய்து தேர்ச்சி பெற்றுவிட முடியும் என்பது உண்மைதான். ஆனால் அப்படிப் பெற்ற பட்டம் அடுத்த படிக்கட்டில் கைகொடுப்பதில்லை.

பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியில் நான் படித்த காலத்தில் பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75 மதிப்பெண், அகமதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண். இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்து, ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஐந்து, பத்து மதிப்பெண் வினாக்கள் மூன்று என்பது வினாத்தாளின் அமைப்பு. தன்னாட்சிக் கல்லூரிகளில் இது மாறலாம். பத்து மதிப்பெண் விடையில் இலக்கணத்தை எழுதி, அனுமானங்களை வரிசைப்படுத்தி, இறுதியில் ஒரு படத்தை ஒப்புக்கு ஒட்டவைப்பதே பொது வழக்கமாக இருந்தது. நான் பரிந்துரைப்பது இதற்கு நேர்மாறான வரிசை. படத்தை முதலில் வரைய வேண்டும். அதன் பிறகு எழுதும் ஒவ்வொரு வாக்கியமும் அந்தப் படத்தின் ஏதேனும் ஒரு புள்ளியையோ கோட்டையோ விளக்குவதாக இருக்க வேண்டும். புத்தகத்தை மூடிவைத்து, வெள்ளைத்தாளில் அச்சுகளுக்குப் பெயரிட்டு வரையத் தெரியாத கோட்பாட்டை இன்னும் படிக்கவில்லை என்றே கொள்ளலாம்.

படத்தில் மாணவர்கள் மிகுதியாகத் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. விலைக்கும் வாங்கும் அளவுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் தேவை வளைகோட்டின் மேலேயே நகர்வது வேறு, வளைகோடே இடம்பெயர்வது வேறு. பொன்னி அரிசியின் விலை குறைந்ததால் ஒரு வீட்டில் கூடுதலாக வாங்கினால் அது கோட்டின் மேல் நகர்வு. அந்த வீட்டில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பத் தொடங்கியதால் பழைய விலையிலேயே கூடுதலாக வாங்கினால், கோடு முழுவதும் வலப்பக்கம் பெயர்கிறது. இந்த ஒரு வேறுபாடு முதல் பருவத்திலேயே கைவசமானால் பின்னால் வரும், நாடு முழுவதையும் பார்க்கும் பேரியல் பொருளாதாரத்தின் படங்கள் பாதி எளிதாகிவிடும்.

கணக்கிட்டுப் படிப்பது என்றால் என்ன என்பதற்குத் தேவை நெகிழ்ச்சியை, அதாவது விலை மாற்ற விழுக்காட்டோடு ஒப்பிட்டால் வாங்கும் அளவு எத்தனை விழுக்காடு மாறுகிறது என்ற விகிதத்தை, எடுத்துக்கொள்கிறேன். தாராசுரம் காய்கறிச் சந்தைக்கு ஒரு நாள் 100 மூட்டைக் கத்தரிக்காய் வருகிறது, கிலோ 20 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மறுவாரம் எல்லாத் தோட்டங்களிலும் காய்ப்பு கூடி 110 மூட்டை வருகிறது. அவ்வளவும் விற்றுத் தீர வேண்டுமானால் விலை 16 ரூபாய்க்கு இறங்க வேண்டியிருக்கிறது. அளவு 10 விழுக்காடு கூடியிருக்கிறது, விலை 20 விழுக்காடு குறைந்திருக்கிறது, நெகிழ்ச்சி 0.5. மூட்டைக்கு ஒரு கிலோ என்று எளிமைக்காகக் கொண்டால், முன்பு 2,000 ரூபாயாக இருந்த மொத்த வருவாய் இப்போது 1,760 ரூபாய். விளைச்சல் கூடியதால் விவசாயிகள் எல்லோருக்கும் சேர்ந்து வருமானம் குறைந்துவிட்டது. 'தேவை நெகிழ்ச்சி ஒன்றுக்குக் குறைவாக இருந்தால் விலை குறையும்போது மொத்த வருவாய் குறையும்' என்ற இரண்டு மதிப்பெண் வாக்கியத்தின் பொருள் இதுதான். எண்களைக் கையால் போட்டுப் பார்த்தவர் அந்த வாக்கியத்தை மறப்பதில்லை.

இதோடு நிறுத்தினால் பாதிதான் புரிந்ததாகும். எல்லோரும் நட்டால் விலை விழும் என்று தெரிந்தும் விவசாயிகள் ஏன் அதே பயிரை மீண்டும் நடுகிறார்கள் என்று வகுப்பில் கேட்டால், அறியாமையால் என்று விடை வரும். அந்த விடை தவறானது. எனக்கு அது வருத்தமும் தருவது. சந்தை முழுவதற்குமான தேவைதான் நெகிழ்ச்சியற்றது. தனி விவசாயியின் நான்கு மூட்டை சந்தை விலையை அசைப்பதில்லை. அவரைப் பொறுத்தவரை விலை ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்ட ஒன்று, அந்த விலையில் எவ்வளவு கொண்டுவந்தாலும் போகும். ஆகவே அவர் கூடுதலாக விளைவிப்பது முழுக்க முழுக்க அறிவார்ந்த முடிவு. தனித்தனியே சரியான முடிவுகள் ஒன்றுகூடி எல்லோருக்கும் இழப்பைத் தருகின்றன. விற்போரும் வாங்குவோரும் ஏராளமாக உள்ள நிறைவுப் போட்டியின் 'விலை ஏற்பவர்' என்ற கருத்தும் தேவை நெகிழ்ச்சியும் பாடத்திட்டத்தில் வெவ்வேறு அலகுகளில் இருப்பதால் இந்த இணைப்பை யாரும் நமக்குச் சொல்லித்தருவதில்லை. இத்தகைய இணைப்புகளைத் தேடிப் படிப்பதே இந்தப் பட்டத்தின் சாரம் என்று நான் கருதுகிறேன்.

அங்காடி வகைகளைப் படிக்கும் பருவத்தில், கோடைப் பருத்தி விற்பனைக்கு வரும் ஜூன், ஜூலை மாதங்களில், அருகிலுள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு ஒரு முறையேனும் சென்று மறைமுக ஏலத்தைப் பார்க்க வேண்டும். விவசாயிகள் பருத்தியைச் சாக்கில் கொண்டுவந்து இறக்குவார்கள். ஒவ்வொருவருடைய குவியலுக்கும் எண் இடப்படும். வியாபாரிகள் சாக்கைப் பிரித்துப் பஞ்சைக் கையில் எடுத்து, ஈரத்தையும் தூசியையும் பார்த்து, தாம் தரும் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். பிறகு பெட்டி திறக்கப்பட்டு, ஒவ்வொரு குவியலுக்கும் அதிக விலை எழுதியவர் யார் என்று அறிவிக்கப்படும். இதில் மாணவர் கவனிக்க வேண்டியது விலையைவிட வியாபாரிகளின் எண்ணிக்கையை. பலர் வந்த நாளில் ஒவ்வொருவரும் அடுத்தவர் என்ன எழுதுவாரோ என்று எண்ணித் தம் உச்ச விலைக்கு அருகில் எழுத வேண்டியிருக்கும். நான்கைந்து பேரே வந்த நாளில் அந்த அழுத்தம் தளர்ந்துவிடும். அரசு நிறுவனமான இந்தியப் பருத்திக் கழகத்தின் கொள்முதல் அலுவலர் ஏலத்தில் கலந்துகொள்வது விற்பவர்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதும் அப்போது விளங்கும். விற்போர் பலராகவும் வாங்குவோர் சிலராகவும் உள்ள அங்காடியைப் பற்றி நம் பாடநூல்களில் சில பத்திகளே இருக்கும். ஆனால் டெல்டாவின் வேளாண்மையில் மிகுதியாகக் காணப்படுவது அந்த அங்காடிதான்.

குறைந்தபட்ச ஆதரவு விலையையும் இப்படியே அணுகலாம். பாடநூல் படத்தில் சமநிலை விலைக்கு மேலே ஒரு கிடைக்கோடு இருக்கும். உபரி முழுவதையும் அரசு வாங்கிக்கொள்ளும். 2025-26 பருவத்தில் ஒன்றிய அரசு சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாயும் சன்ன ரகத்துக்கு 2,389 ரூபாயும் அறிவித்தது; மாநில அரசின் ஊக்கத்தொகை சேர்ந்து அது முறையே 2,500, 2,545 ரூபாயானது. படத்தில் இருக்கும் கோடு இதுதான். படத்தில் இல்லாதவை இரண்டு: காலம், ஈரப்பதம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்துவிடும் ஆண்டுகளில் தளர்வு கேட்டு மாநில அரசு ஒன்றிய அரசுக்கு எழுதுவது வழக்கமாகிவிட்டது. களத்தில் நெல்லைக் கொட்டித் தார்ப்பாய் போட்டு மூடி, வரிசை வரும்வரை காத்திருக்க வசதியுள்ளவருக்கு அறிவித்த விலை கிடைக்கிறது. கடனைத் திருப்பித் தர வேண்டியவர் வயலிலேயே வியாபாரிக்குக் குறைந்த விலைக்கு விற்றுவிடுகிறார். ஒரே கொள்கை இருவருக்கும் இரு வேறு விலைகளைத் தருகிறது. அரசு வைக்கும் குறைந்தபட்ச விலையான விலைத் தளம் பற்றிய பத்து மதிப்பெண் விடையில் கோட்பாட்டை முறையாக எழுதிய பின் இந்த வரம்பையும் ஒரு பத்தியில் எழுதினால், அது எங்கும் மனப்பாடம் செய்து எழுத முடியாத விடையாக இருக்கும்.

ஊரைப் படிப்பது புதிய யோசனை அன்று. 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்தின் முதல் பேராசிரியராகப் பொறுப்பேற்ற கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களிடம் வினாநிரலைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். அவ்வாறு தொகுக்கப்பட்டு 1918-இல் வெளியான ஆய்வுகளில் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த பாலக்குறிச்சியும் ஒன்று. பின்னர் வந்த ஆய்வாளர்கள் அதே கிராமங்களுக்குத் திரும்பச் சென்று மாற்றங்களைப் பதிவுசெய்திருக்கிறார்கள். மூன்றாம் ஆண்டுத் திட்டக்கட்டுரையை இணையத்திலிருந்து ஒட்டி எழுதுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அப்படி ஒரு கள ஆய்வு செய்யும்போது கேள்விகளை மிகக் கவனமாக அமைக்க வேண்டும். வருமானம் எவ்வளவு என்று நேராகக் கேட்டால் நம்பத்தக்க விடை கிடைக்காது. எத்தனை மா சாகுபடி, எவ்வளவு சொந்தம், எவ்வளவு குத்தகை, எத்தனை மூட்டை கண்டது, நடவுக்கும் அறுவடை எந்திரத்துக்கும் என்ன கொடுத்தீர்கள் என்று தனித்தனியே கேட்டு நாம்தான் கணக்கிட வேண்டும். மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர் என்பது டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். மூட்டையில்தான் சிக்கல் இருக்கிறது. வீட்டில் 60 கிலோ மூட்டைக் கணக்கில் பேசுகிறவர் உண்டு. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம். எந்த மூட்டை என்று கேட்டு எழுதாவிட்டால் இரண்டு வீடுகளின் விளைச்சலை ஒப்பிடவே முடியாது. குத்தகை பற்றியும் இவ்வாறே. நியாயக் குத்தகை பற்றிய 1956-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தமும் நில உடைமையாளரின் பங்கை மொத்த விளைச்சலில் 25 விழுக்காடாக வைத்திருக்கின்றன. வாய்மொழிக் குத்தகையில் விளைந்தாலும் விளையாவிட்டாலும் இத்தனை மூட்டை என்று பேசிக்கொள்வதும் உண்டு. பங்குக் குத்தகையிலும் நிலையான குத்தகையிலும் வெள்ள ஆண்டின் இழப்பை யார் ஏற்கிறார் என்று இரண்டு வீட்டாரிடம் கேட்டு எழுதினாலே இடர் பகிர்வு பற்றிய முதுகலைப் பாடத்தின் நுழைவாயிலுக்கு வந்துவிட்டோம்.

இனி கணிதம். பதினொன்றாம் வகுப்பில் கணிதம் எடுக்காதவர்கள் இந்தப் படிப்பில் மிகுதி. புள்ளியியலிலும் கணித முறைகளிலும்தான் அரியர் சேர்கிறது. அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் தள்ளிப்போடவும் கூடாது. சார்பு, சாய்வு, வகைக்கெழு, பெரும மதிப்பு, சிறும மதிப்பு ஆகியவை முதல் ஆண்டிலேயே பழகிவிட வேண்டும். உற்பத்தி அளவு Q, மொத்தச் செலவு 50 + 10Q + Q² என்றும் சந்தை விலை 30 ரூபாய் என்றும் கொடுத்திருந்தால், வகையிட்டுப் பெறும் இறுதிநிலைச் செலவு (கூடுதலாக ஓர் அலகு உற்பத்தி செய்ய ஆகும் செலவு) 10 + 2Q. அதை விலையோடு சமப்படுத்தினால் உற்பத்தி 10 அலகு. இங்கே பேனாவை வைத்துவிடாமல், 9, 10, 11 அலகுகளுக்கு லாபத்தைத் தனித்தனியே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். முறையே 49, 50, 49 ரூபாய் வரும். வகைக்கெழு சொன்ன இடத்தில்தான் உச்சம் இருக்கிறது என்பதைக் கண்ணால் கண்டபின் சூத்திரம் அச்சுறுத்துவதில்லை. கணிதத்தில் வலுவான வகுப்புத் தோழர் ஒருவரோடு வாரத்தில் ஓரிரு மாலைகள் சேர்ந்து அமர்வது, தனியே உட்கார்ந்து நோட்டை வெறித்துப் பார்ப்பதைவிட நிச்சயமாகப் பயன் தரும்.

பேரியல் பொருளாதாரத்தில், ஒரு ரூபாய்ச் செலவு கைமாறிக் கைமாறி மொத்த வருமானத்தை எத்தனை மடங்கு கூட்டும் என்று சொல்லும் கீன்ஸின் பெருக்கியைப் படிக்கும்போது, இறுதிநிலை நுகர்வு நாட்டம் (கூடுதல் வருமானத்தில் செலவிடப்படும் பங்கு) 0.8 என்றால் பெருக்கி 5 என்று எழுதிவிட்டுக் கடந்துபோகாமல், நூறு நாள் வேலைக் கூலி நம் ஊரில் எந்தெந்தக் கடைகளுக்குப் போகிறது, அங்கிருந்து எவ்வளவு வெளியூருக்குக் கசிகிறது என்று யோசித்துப் பார்ப்பது போதுமானது. தமிழ்வழியில் படிப்பவர்கள் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் ஆங்கிலச் சொல்லையும் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும். இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் மேற்படிப்பில் முதல் ஆண்டு முழுவதும் திணறுவதைப் பார்க்கிறேன்.

மேற்படிப்பை எண்ணுகிறவர்கள் காலக் கணக்கை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தின் முதுகலைக்குப் பொது நுழைவுத் தேர்வான சி.யு.இ.டி. எழுத வேண்டும். முதுகலைச் சேர்க்கைக்காக ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் தேர்வில் 2021 முதல் பொருளியல் தாளும் இருக்கிறது. அதில் நுண்ணியல், பேரியல், இந்தியப் பொருளாதாரம் ஆகியவற்றோடு புள்ளியியலும் கணிதமும் கேட்கப்படுகின்றன. ஒன்றியத் தேர்வாணையம் நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்குப் பொருளியலிலோ அதன் நெருங்கிய கிளைகளிலோ முதுகலைப் பட்டம் அவசியம். நுழைவுத் தேர்வுகள் மூன்றாம் ஆண்டின் இறுதிப் பருவத்திலேயே, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடந்துவிடுகின்றன. விண்ணப்பங்கள் அதற்கு முன்பே முடிந்துவிடும். ஆகையால் இரண்டாம் ஆண்டு முடிந்து வரும் கோடை விடுமுறையைக் கணிதத்துக்கும் புள்ளியியலுக்கும் முழுமையாக ஒதுக்கி, ஆகஸ்டிலிருந்து பழைய வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதிப் பழகி, செப்டம்பர் முதல் விண்ணப்ப அறிவிப்புகளைத் தொடர்ந்து பார்த்துவர வேண்டும்.