ரகிட் என்ற சொல்லும் நம் ஆங்கில சாரும்

நம் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்தின் 25-ஆம் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு செயலாளர் எழுதிய அதே வாரத்தில்தான் நம் ஆங்கில சார் காலமான செய்தியும் வந்தது. அப்புறம் வேறு எதைப் பற்றியும் எழுதத் தோன்றவில்லை. இரண்டாவது மணி, பிரேயர், மூணாவது பீரியட் பசி எல்லாம் நம் எல்லோருக்கும் பொது. அதை மற்றவர்கள் எழுதுவார்கள். சாரிடம் பத்தாம் வகுப்பில் கற்ற ஒரே ஒரு சொல்லைப் பற்றி நான் எழுதுகிறேன். அது 'ரகிட்' (rugged). ஆங்கிலத்தில் மலைக்கும் போடுவார்கள், முகத்துக்கும் போடுவார்கள்.

பாடத்தில் 'ரகிட் ஹில்ஸ்' என்று வந்தது. ஓரத்தில் 'முரட்டு மலை' என்று எழுதிக்கொண்டோம். சார் ஒத்துக்கொள்ளவில்லை. ஜன்னலாண்ட போய் நின்று, வேலூர்க் கோட்டைக்குக் கிழக்கே தெரிகிற மலைகளைக் காட்டினார்.

"இன்னா தெரியுது, சொல்லுங்க."

மரமே இல்லை என்றோம். "அதுக்கு 'பாரன்'னு தனியா வார்த்தை இருக்குது." ஒரே பாறை என்றோம். "அது 'ராக்கி'." சொரசொரப்பு என்றாள் ஒருத்தி. "கையால தொட்டுப் பாத்து சொல்றது 'ரஃப்'. இது தள்ளி நின்னு பாக்கறது. மேடும் பள்ளமும் வெடிப்புமா, ஒரு கோடுகூட நேரா இல்லாம நிக்குதே, அந்த வடிவம்தான் ரகிட்." ஜவ்வாது மலை முழுக்கக் காடு, அதுவும் ரகிட்தான் என்றார். 1989-க்கு முன்பு வேலூரும் ஜவ்வாது மலையும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். அந்த மலை எங்களுக்கு வெளியூர் இல்லை. மரம் இருப்பதும் இல்லாததும் இந்தச் சொல்லுக்குப் பொருட்டே இல்லை என்று அந்த ஒரு உதாரணத்தில் விளங்கிவிட்டது.

நம் ஊரைப் பற்றி ஒரு சொலவடை உண்டே, மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று. யாராவது அதைச் சொன்னால் சார் கடைசிப் பகுதியை விடமாட்டார். ஜலகண்டேசுவரர் கோயிலில் 1981-இல் லிங்கத்தைத் திரும்ப வைத்துப் பூஜை நடக்கிறது, இன்னும் 'இல்லாத' என்று சொன்னால் எப்படி என்பார். அடைமொழி போடுகிறவன் முதலில் நேரில் பார்த்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

தாமஸ் கிரே என்ற கவிஞர் 1751-இல் வெளியிட்ட இரங்கற்பாவில் எல்ம் மரங்களுக்கு இதே அடைமொழி வரும். அந்த வரியைச் சொல்லிவிட்டு, எங்களை எழுப்பிப் புளியமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். எல்ம் நாங்கள் பார்த்ததில்லை. புளியம்பட்டையில் என் சுண்டுவிரல் நுழைகிற அளவு வெடிப்பு இருந்தது. அதன் உள்ளே கட்டெறும்பு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. "இப்ப பத்தடி பின்னாடி வாங்க," என்றார். பின்னால் வந்து பார்த்தபோது அந்த வெடிப்புகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மரத்துக்கே ஒரு முகம் வந்ததுபோல் இருந்தது.

முகம் என்றதும் அடுத்த பாடம். தமிழில் ஒருவர் முகத்தைக் கரடுமுரடு என்றால் அவர் கோபித்துக்கொள்வார். ஆங்கிலத்தில் ரகிட் முகம் என்றால் பாராட்டு, பெரும்பாலும் ஆண்களுக்குச் சொல்வது. வெயிலும் உழைப்பும் ஏறிய, உறுதியான முகம். ஆகவே அர்த்தத்தோடு நிறுத்தாதே, எதோடு சேரும் என்று கேள் என்பார். மலை, கடற்கரை, பட்டை, முகம் என்று நோட்டில் வரிசையாக எழுதச் சொல்வார். கந்தல் துணிக்கு 'ராகிட்' (ragged) என்று வேறு சொல் இருப்பதால் அதைப் பக்கத்தில் எழுதி அடித்துக் காட்டுவார்.

அந்த வருட இன்ஸ்பெக்ஷன் ஞாபகம் இருக்கிறவர்கள் இருப்பீர்கள். வந்த அதிகாரி பாடத்தை வாசிக்கச் சொன்னார். என் பக்கத்துப் பெண் 'ரகிட்' என்று இரண்டு அசையாகத் தெளிவாக வாசித்தாள். அதிகாரி நிறுத்தி, 'ரக்டு' என்று சொல்லவேண்டும், யார் இப்படிச் சொல்லிக்கொடுத்தது என்று சாரைப் பார்த்துக் கேட்டார். பின்வரிசையில் சிரிப்பு. ஹெட்மாஸ்டர் கீழே பார்த்தார். சார் "சரிங்க ஐயா" என்றார், அவ்வளவுதான். அவர் காது மடல் சிவந்திருந்ததை நான் முதல் பெஞ்சிலிருந்து பார்த்தேன்.

மறுநாள் அட்டை பிரிந்த அந்தப் பெரிய டிக்‌ஷனரியைக் கையோடு கொண்டுவந்தார். 'ரகிட்' இருந்த பக்கத்தைத் திறந்து பெஞ்ச் பெஞ்சாகக் காட்டினார். பிறகு போர்டில் நேக்கிட், விக்கிட், க்ரூக்கிட், ஜாகிட் என்று எழுதினார். இவையெல்லாம் பெயரடை, கடைசி அசையை விழுங்கக்கூடாது. 'படித்தான்' என்பதற்கு 'லெர்ன்டு', பெரிய படிப்பாளிக்கு 'லெர்னிட்'. அதிகாரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாசித்த பெண்ணை எழுப்பி, "நீ சொன்னதுதாம்மா சரி, இன்னொரு வாட்டி சொல்லு," என்றார். அவள் சொன்னாள். நாங்கள் எல்லோரும் அவளுக்குப் பின்னால் சொன்னோம்.

நர்ஸிங் முடித்து நான் ஸ்காட்லாந்துக்கு வந்தேன். ஸ்கை தீவில் கூலின் மலைகளை முதலில் பார்த்தபோது உடனிருந்தவர்கள் அழகு என்றார்கள். என் வாயில் சாரின் சொல்தான் வந்தது. வார்டில் ஒரு வயதான அம்மா இறந்துபோன கணவரின் போட்டோவைக் காட்டி ரகிட் என்று சொன்னார். புதிதாக வந்திருந்த நம் ஊர்ப் பெண் என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தாள். பெருமையாகச் சொல்கிறார், சிரித்துக்கொண்டே கேள் என்று அவள் காதில் சொன்னேன். அந்த அம்மா அப்புறம் அரைமணி நேரம் அவரைப் பற்றியே பேசினார்.

இங்கே வாழ்க்கை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லீவில் வந்தால் சென்னையில் இறங்கி, கல்யாணம், ஆஸ்பத்திரி, சொந்தக்காரர் வீடு என்று நாள் போய்விடும். காட்பாடி வரை வந்தும் சார் வீட்டுப் பக்கம் போக அமையாமலே போனது. ஊரிலேயே இருந்திருந்தால் மாதம் ஒருமுறையாவது பார்த்திருப்பேன் என்று இப்போது அடிக்கடி நினைக்கிறேன்.

அவரிடம் சொல்ல ஒரு விஷயமும் வைத்திருந்தேன். இங்கே கீழே விழுந்தாலும் மழையில் நனைந்தாலும் கெடாத டேப்லெட், லேப்டாப்புகளை ரகிட் என்கிறார்கள். ஆம்புலன்ஸ் ஊழியர்கள் சாதாரணமாகப் பேசும்போதே சொல்கிறார்கள். நம் நோட்டு வரிசையில் இது இல்லை. சார் இருந்திருந்தால் மலை, கடற்கரை, பட்டை, முகத்துக்குக் கீழே இதையும் எழுதச் சொல்லியிருப்பார்.