அன்னபேதியும் ஆட்டுத்தழையும்

காங்கேயத்துக்குத் தெற்கே எங்கள் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலம். கிளுவை வேலிக்குள் பதினோரு வெள்ளாடுகள் மேய்கின்றன. போன ஐப்பசி மழைக்கு அப்புறம் இரண்டு குட்டிகளுக்குத் தாடைக்கு அடியில் நீர் கோத்துத் தொங்கியது. கீழிமையைப் பிதுக்கிப் பார்த்தால் சோறு வடித்த கஞ்சி மாதிரி வெளுப்பு. ஆட்டுக்கு உள்ள நாலு வயிற்றில் நாலாவதில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் உருண்டைப்புழுவின் வேலை அது. மருந்து ஊற்றியும் ஒன்றுதான் தேறியது. செத்த குட்டியைப் புதைத்துவிட்டு வந்த அன்று கால்நடை மருத்துவர் சொன்னார்: "ஒரே மருந்தையே ஊத்திட்டிருந்தா புழு பழகிக்குமுங்க. வேலிமசால் கொஞ்சம் போட்டுப் பாருங்க, அதுல துவர்ப்பு இருக்குது."

வேலிமசால் என்பது ஒரு தீவனச் செடி. அதன் துவர்ப்பைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. இப்படித்தான் ஆரம்பம்.

முதலில் விதையிலேயே தவறினேன். வேலிமசால் விதைக்குத் தோல் கல்லு மாதிரி. சும்மா ஊறப்போட்டு விதைத்ததில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைத்தது. 80 டிகிரி சுடுநீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி விதைத்தேன். பாத்தி நிறைந்தது. 90 நாளில் முதல் அறுப்பு.

தழையை நிழலில் உலர்த்திப் பொடித்து, ஒரு கரண்டிப் பொடிக்கு அரை டம்ளர் கொதிநீர் ஊற்றி, பழைய வேட்டித் துணியில் வடித்தேன். இதே மாதிரி குதிரைமசால் என்கிற இன்னொரு தீவனத்தழை, கருவேலங்காய் இரண்டிலும் சாறு எடுத்துக்கொண்டேன். நாட்டு மருந்துக்கடையில் வாங்கிய அன்னபேதி என்னும் இரும்பு உப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, வெள்ளைப் பீங்கான் தட்டில் இருந்த சாறுகள் மீது ஒவ்வொரு சொட்டாக விட்டேன். கருவேலங்காய்ச் சாறு விட்ட உடனே எழுதுகிற மை போல நீலக் கறுப்பானது. வேலிமசாலில் சொட்டு விழுந்த இடத்தில் ஒரு வளையம் பிறந்து மெல்ல விரிந்தது. பச்சை கலந்த கறுப்பு. குதிரைமசால் லேசாக மங்கியதோடு சரி. அம்மாயி எட்டிப் பார்த்துவிட்டு, "கடுக்காயில அன்னபேதி போட்டா இப்படித்தான் கண்ணு கறுக்கும், அந்தக் காலத்து மையே அதுதான்" என்றார்.

இரும்போடு சேர்ந்து அந்தக் கறுப்பைத் தருவதுதான் டானின், நம் பேச்சில் துவர்ப்புச்சத்து. தோல் பதனிட ஆவாரம்பட்டையும் வேலம்பட்டையும் பயன்பட்டது இதனால்தான். புரதத்தைக் கண்டால் கட்டிப் பிடித்துக்கொள்ளும். முட்டை வெள்ளைக்கருவைத் தண்ணீரில் கலக்கி வடித்து, அதில் வேலிமசால் சாற்றை விட்டேன். திரிதிரியாக, மோர் திரிந்த மாதிரி இறங்கியது. இதே தழையை ஆடு தின்னும்போது, அசை போடும் முதல் வயிற்றில் டானின் புரதத்தைப் பிடித்துவைக்கிறது. அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் அதை அவ்வளவாகச் சிதைக்க முடிவதில்லை. நாலாவது வயிற்றில் புளிப்பு ஏறியதும் பிடி தளர்ந்து, புரதம் குடலுக்குப் போய்ச் சேருகிறது. புழு இருப்பதும் அந்த நாலாவது வயிற்றில்தான். பிடி விட்ட டானின் அதன் தோலையும் முட்டையையும் பதம் பார்க்கிறது. புரதம் கூடுதலாகக் கிடைப்பதால் ஆடும் தாக்குப்பிடிக்கிறது. திரிந்த கலவையில் எலுமிச்சை பிழிந்து அந்தப் பிடி தளர்வதைப் பார்க்க முயன்றேன். பாதிதான் தெளிந்தது. பழம் இன்னும் இரண்டு வேண்டியிருந்திருக்கும்.

குதிரைமசாலை ஒதுக்கிவிடவும் மனம் வரவில்லை. அதன் சாற்றை மூடி போட்ட பாட்டிலில் குலுக்கினால் விரல் உயரத்துக்கு நுரை நிற்கிறது. பூந்திக்கொட்டையில் இருக்கிற சபோனின் வகைதான் இதிலும் இருக்கிறது. பசுந்தழையாக மொத்தமாகத் தின்னும் மாட்டுக்கு வயிறு உப்புவது இந்த மாதிரி நுரையால்தான். அந்த நுரையைக் கட்டி நிறுத்துவதில் தழையின் கரையும் புரதத்துக்குப் பெரிய பங்கு. டானின் உள்ள தழையில் அந்தப் புரதம் முன்பே கட்டுப்பட்டுவிடுவதால் உப்புசம் வருவதில்லை. இப்போது இரண்டையும் கலந்தே போடுகிறேன்.

ஆனால் துவர்ப்பு நல்லது என்று அள்ளிப் போடக் கூடாது. உலர்தீவனத்தில் 5 சதவீதத்தைத் தாண்டினால் ஆடு தின்பதைக் குறைத்துக்கொள்ளும், செரிமானமும் கெடும். சூபாபுல் எனப்படும் சவுண்டல் தழைக்கு வேறு எச்சரிக்கை: அதில் உள்ள மிமோசின் முடியை உதிர்க்கும், கழுத்துச் சுரப்பியை வீங்கவைக்கும். இதை உடைக்கும் நுண்ணுயிரை ஹவாய்த் தீவு ஆடுகளின் வயிற்றில் கண்டுபிடித்து, 1980களில் ஆஸ்திரேலிய மாடுகளுக்குக் கொடுத்தார் ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸ். 1992இல் அதற்கு அவர் பெயரையே சேர்த்து சினெர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை என்று பெயர் வைத்தார்கள்.

சித்திரையில் கோடை மழை பெய்து, அடுக்கிவைத்த உலர்தழை பூசணம் பிடித்தது. ஒரு கட்டு விடாமல் எருக்குழியில் கொட்டினேன். இதய வால்வு மாற்றிய மாமா ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரை ஞாபகத்துக்கு வந்தது. குதிரைமசாலின் உறவான மெலிலோட்டஸ் தழை பூசணம் பிடித்தபோது, அதைத் தின்ற வட அமெரிக்க மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. அந்தத் தழையிலிருந்து 1939இல் விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க்கின் ஆய்வகம் டைகூமரால் என்ற பொருளைப் பிரித்தது. அதன் வழியில் வந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகவும், 1950களில் மனிதருக்கான மருந்தாகவும் ஆனது. அம்மாயியின் சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மினுக்கும் மூலம் கலேகா என்னும் பயறு வகைச் செடியின் வேதிப்பொருள்தான். சொன்னபோது மாத்திரை அட்டையை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

வேலிமசாலை இப்போது 40 நாளுக்கு ஒருமுறை அறுக்கிறேன். ஐந்து ஆடுகளின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியாயிற்று. அவற்றுக்கு மட்டும் தினமும் ஒரு கைப்பிடிக் கட்டு. வாரத்துக்கு ஒரு முறை பதினொன்றுக்கும் இமை பிதுக்கி, நிறத்தை நோட்டில் குறிக்கிறேன். வருகிற ஐப்பசி மழை நின்றதும் இரண்டு கூட்டத்துப் புழுக்கையையும் தனித்தனி டப்பாவில் எடுத்துப் போய் ஆஸ்பத்திரியில் புழு முட்டை எண்ணச் சொல்ல வேண்டும். தப்பிப் பிழைத்த குட்டி சிவப்பு நூல் கூட்டத்தில் இருக்கிறது.